"ஆமிக்குப் போனால் திருந்திவிடுவேன்": யாழ்ப்பாண இளைஞர் ஒருவரின் 90 நாள் பற்றிய நிகழ்வு ஆய்வு

வடமராட்சியைச் சேர்ந்த 20 வயது இளைஞர் ஒருவர் தாயோடு பிரதேச செயலகத்து உளவளத்துணையாளரிடம் வருகிறார். கையில் பொலிஸ் கொன்ஸ்டபிள் ஆட்சேர்ப்பு வர்த்தமானியின் போட்டோப்பிரதி. கதிரையில் இருந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆமியோ பொலிஸோ, ஏதோ ஒண்டுக்குப் போனால் நான் திருந்துவன் சேர். எதுக்கு அப்ளிக்கேசன் போடுறது நல்லம்?" 'ஆமி' (இராணுவம்) என்ற சொல் காதில் விழுந்ததும் தாய் எழுந்து வெளியே போய் வாங்கில் இருந்துவிட்டார்.

இதில் வரும் இளைஞர் தனி ஒருவர் அல்லர். இதே கேள்வியோடு வருகின்ற பலரிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமைகளை ஒருவரில் சேர்த்து எழுதியிருக்கிறோம். வீட்டில் கூப்பிடுவதுபோல 'தம்பி' என்றே அவரை இங்கும் அழைக்கிறோம்.

பின்னணி

தம்பி உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. இரண்டாம் முறை எழுதி ஒரு சி, இரண்டு எஸ். இசட் புள்ளி பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. அதன்பிறகு 14 மாதம் வீட்டில். தகப்பன் கட்டாரில், அண்ணன் பிரான்சில். மாதாமாதம் காசு வருகிறது, ஆகையால் வேலைக்குப் போயே தீரவேண்டும் என்ற நெருக்குதல் இல்லை. மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இரவில் சந்தியில் கூடும் நண்பர்கள் ஐந்தாறு பேர். அவர்களில் இருவர் மாவா என்ற போதைப் பாக்குப் போடுகிறார்கள், ஒருவர் ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிப்பதாகத் தம்பியே சொன்னார். அவரும் மாவா போட்டிருக்கிறார். ஐஸ் தொடவில்லை என்றார்.

அவர் சோம்பேறி அல்லர் என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம் வரை விடிய ஐந்தரைக்கு ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் மறுபடி ரியூசன், சனி ஞாயிறும் வகுப்பு என்று ஓடிய பிள்ளை. அந்த ஓட்டம் முழுவதும் பிறர் போட்ட நேரசூசி. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மாலையோடு அது ஒட்டுமொத்தமாக இல்லாமல் போனது. ஒரு நாளைத் தானாக அடுக்கிப் பழக அவருக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை. எங்கள் கணிப்பில், யாழ்ப்பாணத்தில் 19 முதல் 22 வயதுப் பொடியன்கள் பலர் "எனக்கு ஒரு கட்டுப்பாடு வேணும்" என்று சொல்வதன் அடி இங்கேதான் இருக்கிறது. அறுந்துபோன நேரசூசிக்குப் பதிலாக இன்னொன்றை யாராவது போட்டுத் தருவார்களா என்று தேடுகிறார்கள். சீருடை வேலை அதற்குக் கண்ணில் படும் முதல் விடை.

முதல் கிழமை: அளந்து பார்த்தது

முடிவு எதுவும் பேசாமல் ஏழு நாளுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. ஒற்றைத்தாளில் 24 மணியையும் அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்த அரைமணியில் செய்ததை ஒரு சொல்லில் எழுதவேண்டும். போனில் எவ்வளவு நேரம் போனது என்பதை நினைவிலிருந்து எழுதக்கூடாது. போனின் அமைப்புப் பகுதியில் பதிவாகும் கணக்கையே பார்த்து எழுதவேண்டும். நினைவில் சொல்லும் கணக்கு பெரும்பாலும் சரியாக வராது.

ஏழு நாளின் சராசரி: படுத்தது இரவு 2.30, எழும்பியது காலை 10.45, போன் 7 மணி 40 நிமிடம், உடல் வேர்க்கும்படி ஏதாவது செய்தது கிழமைக்கு 50 நிமிடம். ஒருநாள் மாத்திரம் காலை 6 மணிக்கு எழும்பியிருந்தார். அம்மம்மாவை மந்திகை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போன நாள். அந்த நாளில் போன் 3 மணிக்குக் குறைவு. காரணமும் இன்னொருவரின் எதிர்பார்ப்பும் இருக்கும் நாளில் அவரால் எழும்ப முடிகிறது. பின்னால் வகுத்த திட்டம் முழுவதும் இந்த ஒரு நாளிலிருந்து பிறந்தது.

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்காமல் 'ஒழுக்கம்' பேசுவது ஆபத்து. எழும்ப முடியாமை, எதிலும் பிடிப்பில்லாமை, தன்மேல் வெறுப்பு மூன்றும் மனச்சோர்வின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாக்கொத்து கொடுக்கப்பட்டது. அதில் உச்சப் புள்ளி 27. 10ம் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தம்பிக்கு 8. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு விடை பூச்சியம். அந்தக் கேள்விக்கு ஒன்று என்று வந்திருந்தாலே மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்போம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ இப்படியான எல்லாரிடமும் முதல்நாளே எழுதிக்கொடுப்பது வழக்கம். மனச்சோர்வு உள்ள பிள்ளையைக் "கட்டுப்பாடு வரட்டும்" என்று பயிற்சி முகாமுக்கு அனுப்புவது, முறிந்த காலோடு ஓட்டப்போட்டிக்கு அனுப்புவது போலத்தான்.

சீருடையில் அவர் தேடியது

இரண்டாம் சந்திப்பில் ஒரு தாளைக் கொடுத்து, "ஆமி எண்டு சொல்லேக்க கண்ணுக்குள்ள வாறதை எழுதுங்கோ தம்பி" என்று கேட்கப்பட்டது. அவர் எழுதியவை: விடிய எழுப்புவது, எல்லாரும் ஒன்றாக ஓடுவது, வயிறு வற்றி உடம்பு இறுகுவது, சந்திக் கூட்டத்திலிருந்து தப்புவது, சொந்தமாகச் சம்பளம், ஊரில் "என்ன செய்யிறீர்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு பதில். துவக்கு, நாடு, சண்டை எதுவும் அந்தத் தாளில் இல்லை.

ஆறில் ஐந்து சீருடை இல்லாமலே கிடைக்கக்கூடியவை. எழுதியதை அவர் தானே திருப்பி வாசித்தபோதுதான் அது அவருக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து சொல்லியிருந்தால் புத்திமதி என்று காதில் போட்டிருக்க மாட்டார்.

முகாம் மனிதனை மாற்றுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை கலப்பானது. ஜெர்மனியில் கட்டாயச் சேவை இருந்த காலத்தில் இராணுவத்துக்குப் போன இளைஞர்களையும், அதற்குப் பதிலாகக் குடிமைச் சேவைக்குப் போனவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. இரு பகுதியினரிடையே தெளிவாகத் தெரிந்த வேறுபாடு பிறரோடு இணங்கிப்போகும் பண்பில் இருந்தது. இராணுவத்துக்குப் போனவர்களிடம் அது குறைவாக இருந்தது, சேவை முடிந்து ஐந்து ஆண்டு கழித்தும் அப்படியே நின்றது. குற்றம் செய்த இளைஞர்களை இராணுவப் பாணி முகாம்களில் வைத்த அமெரிக்க முயற்சிகள் மறுபடி குற்றம் செய்வதைச் சராசரியாகக் குறைக்கவில்லை. ஆனால் அதே நாட்டில், படிப்பை விட்ட 16 முதல் 18 வயதினருக்கான 22 கிழமை முகாம் ஒன்று நல்ல பலன் தந்தது. மூன்று ஆண்டு கழித்து, அதில் சேர்ந்தவர்களின் உழைப்பு சேராதவர்களைவிட ஏறத்தாழ 20 வீதம் கூட. அந்தத் திட்டத்தில் முகாம் முடிந்த பின் 12 மாதம் ஊரில் உள்ள ஒருவர் அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து சந்திக்கும் ஏற்பாடு இருந்தது. எங்கள் பார்வையில் பலனைத் தாங்கிப் பிடித்தது அந்த ஒரு வருடம்.

தெரிவுகளின் உண்மை நிலை

மூன்றாம் சந்திப்பு முழுவதும் தகவல் திரட்டியது. தம்பி மனதில் வைத்திருந்த வழிகள் நான்கு.

தரைப்படை. இலங்கையில் கட்டாய இராணுவச் சேவை இல்லை, விரும்பிச் சேர்வது மட்டுமே. ஆனால் படை சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு, 2,00,783 ஆக இருந்த அங்கீகரிக்கப்பட்ட ஆளணியை 1,35,000 ஆகவும், 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைக்கப்போவதாக அறிவித்தது. சுருங்கும் நிறுவனத்தில் 20 வயதில் கீழ்ப்படியில் சேர்பவருக்குப் பதவி உயர்வு எப்படி இருக்கும் என்பதைச் சேரமுன் கேட்கவேண்டும். அடுத்தது, பிடிக்கவில்லை என்று வந்துவிட முடியாது. சொல்லாமல் வீட்டுக்கு வந்தால் தப்பியோடியவர் என்ற பெயர், அது சட்டப்படி குற்றம். இடைக்கிடை பொதுமன்னிப்புக் காலம் அறிவிப்பார்கள், எப்போது வரும் என்று நம்பியிருக்க முடியாது. 2025 பெப்ரவரியில் தப்பியோடியவர்களைக் கைதுசெய்யும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்தது. "ரண்டு வரிசம் இருந்து பழகிப்போட்டு வருவம்" என்ற எண்ணத்துக்கு இதில் இடமில்லை. தம்பி அப்படித்தான் நினைத்திருந்தார்.

சொல்லும் வேலையும் கொடுக்கும் வேலையும் ஒன்றா என்பதும் முக்கியம். 2012 நவம்பரில் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் இளம்பெண்கள் தரைப்படையில் சேர்க்கப்பட்டபோது, அலுவலக வேலை என்று நினைத்துப் போனதாகச் சிலரின் குடும்பங்கள் முறையிட்டன. பதவிப் பெயர், பயிற்சி நடக்கும் இடம், சேவைக்காலம் மூன்றும் எழுத்தில் இல்லாத எந்த அழைப்புக்கும் கையெழுத்து வைக்கவேண்டாம்.

பொலிஸ். ஊரில் மக்களோடு தமிழில் பேசக்கூடிய பொலிஸார் தேவை என்பது உண்மை. பெண்கள் சிறுவர் பணியகங்களில் தமிழ்ப் பெண் உத்தியோகத்தர்களின் தேவை இன்னும் அதிகம். வழி நேரானது. வர்த்தமானி அறிவித்தல், விண்ணப்பம், உயரமும் மார்பளவும் எடுத்தல், உடற்தகுதிச் சோதனை, எழுத்துப் பரீட்சை, நேர்முகம், ஊரில் விசாரணை, வைத்தியப் பரிசோதனை, பயிற்சி. வயதெல்லையும் அளவுகளும் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறும். ஆகையால் நண்பன் சொன்ன அளவை நம்பாமல் கையிலிருக்கும் வர்த்தமானியை மட்டுமே பார்க்கவேண்டும். மூன்று மொழியிலும் அது வரும். ஒரு சொல் விளங்காவிட்டால் சிங்களப் பிரதியோடு ஒப்பிடலாம்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் சிறிய இடங்களில்: பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, முடிவுத் திகதியன்று தபாலில் போடுவது, நற்சான்றிதழுக்குக் கையெழுத்து வைப்பவர் ஊரில் இல்லாமல் இருப்பது, பல்லிலும் கண்ணிலும் உள்ள குறையை வைத்தியப் பரிசோதனை அன்றே முதன்முதல் அறிவது. தம்பிக்கு இரண்டு கடைவாய்ப்பற்கள் சூத்தை. அரசாங்க வைத்தியசாலைப் பல் பிரிவில் இரண்டு தடவையில் சரிசெய்யப்பட்டது. சிங்களம் பற்றி அவர் யோசித்தே பார்க்கவில்லை. பயிற்சியிலும் பிறகு வேலையிலும் நாள் முழுக்கக் காதில் விழப்போவது சிங்களம். முதல் நியமனம் வடக்கில்தான் கிடைக்கும் என்று எண்ணிப் போகக்கூடாது.

பிரெஞ்சு அந்நியப் படை (லீஜன்). அண்ணன் பிரான்சில் இருப்பதால் இந்தக் கதை வந்தது. அந்தப் படை எந்த நாட்டவரையும் எடுக்கும் என்பது சரி. வயது பதினேழரை முதல் முப்பத்தொன்பதரை வரை, முதல் ஒப்பந்தம் 5 ஆண்டு. ஆனால் பிரான்சில் உள்ள ஆட்சேர்ப்பு நிலையத்துக்கு ஆள் நேரில் போகவேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க வழியில்லை, விசா எடுத்துக் கொடுப்பதும் இல்லை, ஒரு சதம் காசும் கேட்பதில்லை. "லீஜனுக்கு விசா எடுத்துத் தாறன்" என்று முற்பணம் கேட்கும் ஏஜென்சிக்காரன் பொய் சொல்கிறான். இதில் இரண்டாம் யோசனை வேண்டாம்.

நான்காவதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. ரஷ்யா வழியாக ஐரோப்பா போகலாம், அங்கே படையில் நல்ல சம்பளம் என்ற கதை சந்தியில் ஒரு நண்பரின் போனில் வந்திருந்தது. 2024இல் இலங்கையர் பலர் இப்படி ஏமாற்றப்பட்டு உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டின் கடைசியில், பிரான்சுக்கு என்று புறப்பட்ட யாழ்ப்பாணப் பொடியன்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டுவிட்டதாக அவர்களின் பெற்றோர் கண்ணீரோடு முறையிட்டார்கள். அப்படியான செய்தி போனில் வந்தால் அழித்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. யார் அனுப்பியது என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லவேண்டும். தம்பி அந்த இலக்கத்தை அன்றே அண்ணனுக்கு அனுப்பினார்.

தாய்

தாயைத் தனியாகச் சந்திக்காமல் இந்த வழக்கில் ஓரடியும் நகர்ந்திருக்காது. அந்தத் தாயின் இளைய சகோதரர் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. காணாமற்போனோர் அலுவலகத்தில் கோவை இருக்கிறது, பதில் இல்லை. பெற்ற மகன் ஆமிச் சீருடையைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து வருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மகன் அந்தச் சொல்லைச் சொன்ன நாளிலிருந்து இரவுச் சாப்பாட்டை விட்டிருந்தார். மகனுக்கோ மாமா ஒரு சுவர்ப்படம் மட்டும். 2009இல் அவர் சிறு குழந்தை.

இந்த இடத்தில் உளவளத்துணை செய்பவர் விடக்கூடிய பெரிய பிழை, தாயைச் சமாதானப்படுத்த முயல்வது. "காலம் மாறிப்போச்சு அம்மா" என்ற வாக்கியம் இந்த அறைக்குள் வரக்கூடாது. மகனைக் குற்றவாளி ஆக்குவதும் அதே அளவு பிழை. இரண்டு முறை தாயைத் தனியே கேட்டு, பிறகு இருவரையும் ஒன்றாக இருத்தி, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கப்பட்டது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக்கூடாது. மாமா எப்படிப்பட்ட ஆள், என்ன படித்தார், எப்படிச் சைக்கிள் ஓடுவார் என்று தாய் சொன்னார். மகன் அவற்றை முதன்முறையாகக் கேட்டார். கடைசியில் தாய் சொன்னது: "பொலிஸ் எண்டால் நான் யோசிப்பன். ஆமிக்கு நான் உயிரோட இருக்கேக்க விடமாட்டன்." மகன் சொன்னது: "அம்மா, எனக்கு ஆமி வேணும் எண்டில்லை. எனக்கு இப்பிடி இருக்கேலாது." அந்த ஒரு வாக்கியத்தை வெளியே கொண்டுவர ஐந்து கிழமை எடுத்தது.

90 நாள் திட்டம்

உடன்பாடு இப்படி: 90 நாளுக்கு எந்தப் படைக்கும் விண்ணப்பம் இல்லை. அந்த 90 நாளில், தாளில் எழுதிய ஐந்தையும் ஊரிலேயே செய்து பார்ப்பது. அதன்பிறகும் சீருடை வேண்டும் என்றால், அந்த ஆசை வேலைமேல் உள்ள ஆசை என்று எடுத்துக்கொள்ளலாம். 90 என்பதற்குக் காரணம் உண்டு. லண்டன் யூனிவர்சிற்றி கொலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 கிழமை பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரி 66 நாள் எடுத்தது. ஆளுக்காள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம். "21 நாளில் பழக்கம் வரும்" என்று போனில் வரும் வீடியோக்களை நம்பினால் 22ஆம் நாள் மனம் உடையும்.

மே நடுப்பகுதியில் தொடங்கியது. அச்சுவேலிப் பக்கம் மாமி வீட்டுக்காரர் இரண்டு பரப்பில் சின்ன வெங்காயம் நட்டிருந்தார். இறைப்புக்கு ஆள் தேவை. இதைத் தெரிந்தெடுத்தது பொழுதுபோக்கு என்பதற்காக அல்ல. வெங்காயம் நட்டால் ஏறக்குறைய இரண்டரை மாதத்தில் கிண்டலாம், ஆகவே திட்டத்தின் காலத்தோடு பொருந்தியது. தண்ணி மாறும் முறை வந்தால் மிசினை விட்டுவிட்டு வாய்க்காலில் ஆள் நிற்கவேண்டும். பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்பவேண்டும். கவனம் பிசகினால் ஒரு பாத்தி வழியும், அடுத்தது காயும். யாரும் ஏசத் தேவையில்லை, தாள் வாடி இருப்பதைப் பார்த்தாலே போதும். முகாமில் சார்ஜன்ட் சத்தம்போட்டுச் செய்விப்பதை இங்கே பயிர் சத்தமில்லாமல் செய்விக்கிறது. கூலிக்குப் பதிலாக அறுவடையில் ஒரு பங்கு என்று பேச்சு.

எழும்பும் நேரம். 10.45இலிருந்து 5.15க்கு ஒரே நாளில் போகமுடியாது. போனால் நாலாம் நாள் திரும்பிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை அரைமணி முன்னுக்கு. 11 படி, 33 நாள். படுக்கும் நேரத்தை வற்புறுத்தவில்லை, எழும்பும் நேரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளவேண்டும். இரண்டு கிழமையில் நித்திரை தானாக முன்னுக்கு வரும். எழும்பியவுடன் முற்றத்தில் வெளிச்சத்தில் பத்து நிமிடம். பகல் நித்திரை 20 நிமிடத்துக்கு மேல் இல்லை, பின்னேரம் நாலுக்குப் பிறகு தேநீர் இல்லை. போன் இரவில் குசினியில் சார்ஜில் இருக்கும். அலாரத்துக்கு ஒரு மணிக்கூடு வாங்கியாயிற்று. "அலாரத்துக்குத்தான் போன்" என்ற சாட்டு அதோடு போனது. முதல் ஐந்து கிழமையும் தோட்டத்தில் பின்னேர முறை, ஆறாம் கிழமையிலிருந்து விடியற்புறம்.

ஓட்டம். கிழமைக்கு மூன்று நாள். முதல் இரு கிழமையும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. பிறகு ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்து, ஒன்பதாம் கிழமையில் நிற்காமல் 25 நிமிடம். தண்டால் முதல்நாள் உச்சம் 11. ஒவ்வொரு சுற்றிலும் உச்சத்தில் பாதி மட்டும், நாலு சுற்று, ஒன்றுவிட்ட ஒருநாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை உச்சம் பார்த்தல்.

கொப்பி. ஒரு நாளுக்கு நாலு வரி: எழும்பிய நேரம், உடற்பயிற்சி, தோட்டம், போன் நேரம். 'காரணம்' எழுத இடமில்லை. ஞாயிறுதோறும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து ஒருவருக்கு அனுப்பவேண்டும். அந்த ஒருவர் தாயாக இருக்கக்கூடாது. தாயிடம் போனால் கொப்பி ஏச்சுக்குச் சாட்சியாகிவிடும், மூன்றாம் கிழமையே பொய் எழுதத் தொடங்குவார்கள். தம்பி தன் பழைய உதைபந்தாட்டப் பயிற்றுநரைத் தெரிந்தெடுத்தார். அவர் செய்யவேண்டியது ஒரு வரி பதில், வேறொன்றும் இல்லை.

சிங்களம் நாளுக்கு அரைமணி. எழுத்து அல்ல, பேச்சு. நாளுக்குப் பத்து வாக்கியம், சத்தமாக.

பிழைத்த இடங்கள்

இரண்டாம் கிழமையிலேயே ஒன்று. உற்சாகத்தில் தார் றோட்டில், தேய்ந்த சப்பாத்தோடு, யாருக்கும் சொல்லாமல் ஒரே மூச்சில் 4 கிலோமீற்றர் ஓடினார். அடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உட்கரை தொட்டாலே நோ. பழக்கமில்லாத எலும்பும் தசையும் கடும் தரையில் திடீரெனச் சுமை ஏற்றப்பட்டால் வரும் நோ அது. படைத் தேர்வுக்கென்று கடைசி மாதத்தில் ஓடத் தொடங்குபவர்களுக்கு வழக்கமாக வருவதும் இதுவே. பத்து நாள் ஓட்டம் நிறுத்தி, சைக்கிள் மட்டும். பிறகு பள்ளிக்கூட மைதானத்து மண்ணில் முதலாம் கிழமை அளவிலிருந்து மறுபடி. நோவோடு தொடர்ந்து ஓடியிருந்தால் எலும்பில் வெடிப்பு விழுந்து மாதக்கணக்கில் படுத்திருக்கவேண்டி வந்திருக்கலாம்.

பெரிய சறுக்கல் ஏழாம் கிழமை. ஜூலை முதல்வாரம் கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் லீவுக்கு வந்தார். வாடகை வான், காங்கேசன்துறை, கசூரினா கடற்கரை, இரவு இரண்டு மணிவரை கதை. ஒன்பது நாளில் தம்பி 5.15க்கு எழும்பியது இரண்டே நாள். ஒரு விடியற்புற முறை தவறி, கிழக்குப் பக்கத்து மூன்று பாத்தி வாடியது. ஞாயிறு கொப்பி போகவில்லை. அடுத்த சந்திப்புக்கு வந்தபோது சொன்னது: "நான் இப்பிடித்தான் சேர். என்னை யாரும் அடிச்சு எழுப்பினால்தான் சரி."

கொப்பியைத் திறந்து எண்ணிப் பார்க்கப்பட்டது. தொடங்கி 54 நாளில் எழும்பும் நேரத்தைப் பிடித்தது 41 நாள். மேலே சொன்ன லண்டன் ஆய்விலும், ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. தம்பிக்கு ஒன்பதில் ஏழு நாள் போனது, அது அதைவிடப் பெரிய இடைவெளிதான், ஆனாலும் பழைய 10.45க்கு அவர் ஒருநாளும் திரும்பவில்லை. பிந்தி எழும்பியது எட்டு, எட்டரைக்கு. சறுக்கியதன் காரணம் மனவுறுதிக் குறைவு என்று எழுதினால் அடுத்த முறைக்கு ஒன்றும் செய்ய இருக்காது. காரணம், விருந்தாளி வரும் நாளுக்கு என்று ஒரு ஏற்பாடும் செய்து வைக்காதது. அது திட்டம் வகுத்தவர்களின் பிழை.

ஆகவே நல்லூருக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டது. 25 நாள் திருவிழா 11ஆம் கிழமையில் கொடியேறியது. எந்த நாலு இரவு போவது என்று முதலிலேயே குறித்து, அந்த நாட்களுக்கு மறுநாள் எழும்பும் நேரம் 6.30 என்று கொப்பியில் எழுதிவைக்கப்பட்டது. மற்ற நாளில் மாலைப் பூசையோடு வீடு. தொண்ணூறாம் நாள் வரைக்கும் ஒருநாள் மட்டும் தவறியது.

90ஆம் நாள் நிலை

கடைசி இரு கிழமைச் சராசரி: எழும்பியது 5.25, போன் 3 மணி 10 நிமிடம், தண்டால் உச்சம் 29, நிற்காமல் ஓட்டம் 25 நிமிடம், பிஎச்கியூ-9 புள்ளி 3. மாவா ஐந்தாம் கிழமையிலிருந்து இல்லை. இதை அவர் சொல்வதோடு பல் வைத்தியரும் சொன்னார். சந்திக் கூட்டத்தை முற்றாக விடவில்லை, ஞாயிறு பின்னேரம் போகிறார். வெங்காயம் கிண்டியாயிற்று. பங்குக் காசில் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து வாங்கினார். மூன்று பாத்தியின் விளைச்சல் குறைந்ததை மாமி வீட்டுக்காரர் கணக்கில் கழிக்கவில்லை, தம்பியே கழிக்கச் சொன்னார்.

சீருடை ஆசை? தரைப்படை பட்டியலிலிருந்து போய்விட்டது, தாய்க்காக மட்டும் அல்ல. சேவைக்காலத்தைக் கணக்குப் பார்த்த பிறகு "அது எனக்கில்லை" என்றார். பொலிஸ் நிற்கிறது. இப்போது அவர் கேட்கும் கேள்விகள் வேறு: குற்றப்பிரிவு வேலை என்ன, முறைப்பாடு எழுதுவது எப்படி, ஊர்க்காரன் ஒருவனைக் கைதுசெய்ய வந்தால் என்ன செய்வது. தன்னைத் திருத்தும் இடமாகப் பார்த்ததை இப்போது ஒரு வேலையாகப் பார்க்கிறார். அடுத்த வர்த்தமானி வரும்வரை காத்திருக்கவும் முடியாது, கட்டாயம் எடுப்பார்கள் என்றும் இல்லை. ஆகையால் குளிரூட்டி திருத்தும் பாடநெறியில் தேசிய தொழிற்றகைமை மட்டம் 4க்குப் பதிந்திருக்கிறார். காலை 8.30க்கு வகுப்பு. பொலிஸுக்கு எடுத்தால் விட்டுவிட்டுப் போகலாம், எடுக்காவிட்டால் கையில் தொழில். படைகளுக்கும் இப்படியான கைத்தொழில் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள் என்பதால் எந்தப் பக்கம் போனாலும் வீணில்லை.

தாய் இரவில் சாப்பிடுகிறார். பொலிஸ் பற்றிக் கேட்டால் "வரட்டும் பாப்பம்" என்கிறார். அது சம்மதம் அல்ல என்பதைத் தம்பிக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

அடுத்த சந்திப்பு 120ஆம் நாள். கொண்டுவர வேண்டியவை: கொப்பி, பெயர் எழுத்துப் பிழை திருத்திய பிறப்புச் சான்றிதழ், சிங்களத்தில் தன்னை அறிமுகம் செய்து இரண்டு நிமிடம் பேசிப் பதிந்த குரல். பயிற்றுநருக்கு ஞாயிறு தோறும் அனுப்பும் படம் அடுத்த மே மாதம் வரை தொடரும்.